இயந்திரத்துக்கும் ஒரு திருஷ்டிப் பொட்டு

எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்திருந்தது, அப்போதுதான் அடுப்பை அணைத்தேன். கையில் புதிதாக வாங்கிய டெம்பரேச்சர் கன். பாத்திரத்தின் பளபளக்கும் பக்கத்தை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினால் திரையில் 44 டிகிரி என்று வருகிறது. இன்னொரு முறை அழுத்தினால் 47. கொஞ்சம் தள்ளி நின்று அழுத்தினால் 41. உள்ளே இருப்பது ஏறக்குறைய 100 டிகிரித் தண்ணீர், பாத்திரத்தைத் தொட்டால் விரல் பொத்துப் போகும், ஆனால் கருவி சொல்வதைக் கேட்டால் யாரோ குளிக்க விளாவி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டும். கருவி பழுது என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்ப அது வந்த அட்டைப்பெட்டியைத் தேட ஆரம்பித்தேன்.

திருப்பி அனுப்பாமல் போனதற்குக் காரணம் பக்கத்து அடுப்பில் இருந்த தோசைக்கல். அதே கருவி தோசைக்கல்லில் 190 என்றது, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடியது, நம்பும்படி இருந்தது. ஒரே கருவி, ஒரே சமையலறை, இரண்டும் உலோகம். ஒன்றில் உண்மை சொல்கிறது, இன்னொன்றில் பாதிக்கும் குறைவாகச் சொல்கிறது. இது ஏன் என்று புரிந்துவிட்டால் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் இந்தக் கருவியை வைத்துச் செய்யும் தவறுகளில் முக்கால்வாசியைத் தவிர்த்துவிடலாம்.

வெப்பமானி என்று பெயர் இருந்தாலும் இது செய்கிற வேலை வெளிச்சம் பார்ப்பது. காய்ச்சலுக்கு அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் உடம்பைத் தொட்டு, அந்தச் சூட்டுக்குத் தானும் சூடாகி, அப்புறம் எண்ணைச் சொல்கிறது. இது எதையும் தொடுவதில்லை. சுவர், மேசை, நீங்கள், நான், ஐஸ்கட்டி உட்பட எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை எந்நேரமும் விட்டுக்கொண்டே இருக்கின்றன. சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் இருட்டாக இருந்த இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தபோது அதிலும் சூடு ஏறுவதை 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார், அந்தக் கதிர்தான் இது. பொருள் சூடாகச் சூடாக இந்தக் கதிர் மளமளவென்று கூடும். கெல்வின் கணக்கில் (மைனஸ் 273 டிகிரியை 0 என்று வைத்து எண்ணுவது) வெப்பநிலை இரண்டு மடங்கானால் மொத்தக் கதிர் 16 மடங்காகும் என்பது 1879இல் ஸ்டெஃபான் கண்ட விதி. கருவியின் முன்னால் உள்ள வில்லை இந்தக் கதிரைக் குவித்து உள்ளே இருக்கும் சின்ன உணரியின் மேல் போடுகிறது, உணரி எவ்வளவு சூடேறியது என்பதை வைத்து ஒரு சில்லு கணக்குப் போட்டு எண்ணைக் காட்டுகிறது.

கோளாறு அந்தக் கணக்கில்தான். எல்லாப் பொருளும் ஒரே சூட்டில் ஒரே அளவு கதிரை விடுவதில்லை. அந்தச் சூட்டில் ஒரு பொருள் அதிகபட்சமாக எவ்வளவு கதிர் விட முடியுமோ, அதில் எத்தனை பங்கை உண்மையில் விடுகிறது என்பதற்கு உமிழ்திறன் என்று பெயர், பட்டறையில் எமிசிவிட்டி என்றே சொல்வார்கள். 0இலிருந்து 1 வரைக்குமான எண். நம் தோலுக்கு 0.98, தண்ணீருக்கு 0.95க்கு மேல், செங்கல், கான்கிரீட், சாதாரண பெயிண்ட், ரப்பர் எல்லாம் 0.9ஐ ஒட்டி. விலை குறைந்த கருவிகளில் இந்த எண் 0.95 என்று தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். பார்க்கிற பொருள் 95 சதவீதம் கதிர் விடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது. பளபளப்பான எவர்சில்வருக்கோ இந்த எண் 0.1லிருந்து 0.2க்குள்தான். மெருகேற்றிய அலுமினியம், செம்பு, பித்தளை என்றால் இன்னும் மோசம், 0.05 பக்கம்.

வேடிக்கை என்னவென்றால் என் சமையலறைச் சோதனையை ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லெஸ்லி எனக்கு 200 வருடம் முன்பே செய்துவிட்டார். கனசதுர வடிவ உலோகப் பாத்திரம் ஒன்றில் வெந்நீர் ஊற்றி, ஒரு பக்கத்தைக் கருப்பாக்கி, ஒரு பக்கத்தைப் பளபளப்பாகவே விட்டு, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வரும் வெப்பக் கதிரை அளந்தார். உள்ளே இருப்பது ஒரே தண்ணீர், ஆனால் கருப்புப் பக்கம் கதிரை அள்ளி வீசியது, பளபளத்த பக்கம் கஞ்சத்தனம் காட்டியது. 1804இல் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். லெஸ்லி கனசதுரம் என்று இயற்பியல் ஆய்வகங்களில் இன்றும் அந்தப் பெட்டி இருக்கிறது.

சரி, எவர்சில்வர் 15 சதவீதம்தான் கதிர் விடுகிறது என்றால் கருவி இன்னும் குறைவாக அல்லவா காட்ட வேண்டும், 44 எப்படி வந்தது? இதுதான் பலர் தாண்டிப் போய்விடும் இடம். ஒளி ஊடுருவாத ஒரு பரப்பு எந்த அளவுக்குக் கதிரை உமிழ்வதில்லையோ அந்த அளவுக்கு எதிரொளிக்கும். உமிழ்திறன் 0.15 என்றால் மீதி 0.85 எதிரொளிப்பு. அதாவது அகச்சிவப்புக் கண்ணுக்கு அந்தப் பாத்திரம் கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி. அறை 30 டிகிரி, பாத்திரம் 100 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், கருவிக்குள் போகும் கதிரில் 70 சதவீதம் பாத்திரத்துடையதே இல்லை. சுவருடையது, ஃபிரிட்ஜுடையது, எதிரே நிற்கும் என் சட்டையுடையது. மீதி 30 சதவீதம்தான் கொதித்த பாத்திரம் அனுப்பியது. நான் நகர்ந்து நின்றபோது எண் மாறியதும் அதனால்தான்.

ஆகவே உலோகத்தை நோக்கிக் கருவியைப் பிடிக்கும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே வருவது யாருடைய வெப்பம்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் வெயிலில் தகரக் கூரையை அளந்து பாருங்கள். நண்பகலில் கால் வைக்க முடியாத புதுத் தகடு, மேலிருந்து அளந்தால் காற்றின் சூட்டைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும், சில நேரம் மிகக் குறைந்த எண்ணை. தகட்டில் தெரிவது வானத்தின் பிம்பம், மேகமில்லாத வானம் அகச்சிவப்பில் மிகக் குளிர்ச்சியானது. இதே தகட்டை எரியும் உலைக்குப் பக்கத்தில் வைத்து அளந்தால் தலைகீழாக நடக்கும், தகடு சில்லென்று இருந்தாலும் உலையின் சூட்டை வாங்கித் திருப்பி அனுப்பி, கருவி ஏகப்பட்ட எண்ணைக் காட்டும். பளபள உலோகம் எப்போதும் குறைவாகத்தான் காட்டும் என்று சிலர் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள், அது பாதி உண்மைதான். சுற்றி இருப்பது எதுவோ, அதன் பக்கமாக எண் இழுபடும்.

கொஞ்சம் விலை கூடிய கருவியில் எமிசிவிட்டியை நாமே மாற்றலாம். அப்படியானால் 0.15 என்று வைத்துவிட்டால் போயிற்று அல்லவா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. செய்து பார்த்தால் சிக்கல் புரியும். இணையத்தில் உள்ள அட்டவணைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 0.1 முதல் 0.8 வரை எல்லா எண்ணும் கிடைக்கும், ஏனென்றால் மெருகு, கீறல், துரு, எண்ணெய், எத்தனை முறை சூடேறி நிறம் மாறியது என்று எல்லாமே அந்த எண்ணை மாற்றும். நம் பாத்திரத்தின் உண்மையான எண் 0.15 என்று வைத்துக்கொள்வோம். நான் தெரியாமல் 0.10 என்று வைத்தால் 100 டிகிரிப் பாத்திரத்துக்குக் கருவி 124 காட்டும். 0.20 என்று வைத்தால் 86. வெறும் 0.05 இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தவறியதற்கு 38 டிகிரி வித்தியாசம். இதுவே உமிழ்திறன் கூடிய பரப்பாக இருந்து, உண்மையில் 0.90 இருப்பதை 0.95 என்று வைத்துவிட்டால்? 97 காட்டும். 3 டிகிரிதான் பிசகு. அதே 0.05 தவறு, விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அதனால் என் கட்சி இது: 0.5க்குக் கீழே உள்ள பரப்பில் பொத்தானைத் திருகித் திருகி நேரத்தை வீணாக்காதீர்கள், பரப்பையே மாற்றுங்கள்.

எப்படி மாற்றுவது? வயரில் சுற்றும் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு போதும். அதன் உமிழ்திறன் 0.95ஐ ஒட்டி இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கவாட்டில் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு அதன் மேல் அளந்தேன், 96 என்றது. சாதாரண பிவிசி டேப் 80, 100 டிகிரி தாண்டினால் இளகி வழிய ஆரம்பிக்கும், பசை ஒட்டிக்கொள்ளும், நாற்றம் வேறு. அதற்கு மேலே என்றால் பைக் சைலன்ஸருக்கு அடிக்கும், சூடு தாங்கும் மேட் பெயிண்ட் ஸ்பிரே வாங்கிக்கொள்ளலாம், பல டப்பாக்கள் 600 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும். பராமரிப்பு ஒழுங்காக நடக்கும் ஆலைகளில் மோட்டார், கியர் பாக்ஸ், பம்பு என்று ஒவ்வொன்றிலும் அளக்க வேண்டிய இடத்தில் வட்டமாகக் கருப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். குழந்தை கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு மாதிரியே இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே தூரத்தில் அளப்பதால் போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் நேராக ஒப்பிடலாம் என்பது கூடுதல் லாபம்.

பெயிண்ட் கருப்பாகத்தான் இருக்க வேண்டுமா? வேண்டாம். இந்த விலை குறைந்த கருவிகள் பார்ப்பது 8லிருந்து 14 மைக்ரான் வரை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள கதிரை, அந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டும் கருப்புப் பெயிண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுமே 0.9க்கு மேல். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை வைத்து இங்கே எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரே விதிவிலக்கு சில்வர் பெயிண்ட். அதில் அலுமினியத் தூள் கலந்திருப்பதால் உமிழ்திறன் பாதியாகவோ அதற்கும் கீழேயோ போய்விடும். டேங்க், நீராவிக் குழாய், கம்பி வேலி என்று நம் ஊரில் எங்கே பார்த்தாலும் அதைத்தான் அடித்துவைத்திருக்கிறார்கள்.

பொட்டு வைக்க முடியாத இடங்களில் இயந்திரமே சில நல்ல இடங்களைக் கொடுக்கும். துருப்பிடித்த வார்ப்பிரும்பு, என் தோசைக்கல் மாதிரி கரி படிந்த இடம், பெயிண்ட் அடித்த பேரிங் ஹவுசிங், இவை எல்லாம் பரவாயில்லை, துருவுக்கு 0.6லிருந்து 0.8 வரை கிடைக்கும். கழற்றிய போல்ட்டின் ஓட்டை இன்னும் நல்லது. ஓட்டைக்குள் போன கதிர் சுவரில் மோதி மோதி வெளியே வர வழியின்றி உள்ளேயே கரைந்துவிடும், எதை நன்றாக விழுங்குமோ அது நன்றாக உமிழும் என்ற கிர்க்காஃபின் விதிப்படி ஆழமான ஓட்டை தன் உலோகம் எதுவானாலும் உமிழ்திறன் ஏறக்குறைய 1 உள்ள கருப்புப் பொருள் மாதிரி நடந்துகொள்ளும். விட்டத்தைப் போல ஆறு மடங்கு ஆழம் இருந்தால் தாராளம். அலுமினியத் தகடு உருளையின் மேல் ஏறும் இடத்தில் தகட்டுக்கும் உருளைக்கும் நடுவே ஆப்பு போல ஒரு இடுக்கு இருக்குமே, அங்கே குறிவைத்து அளப்பதும் இதே தந்திரம்தான். ஆனால் பளபளத்துச் சுழலும் ஷாஃப்டை வெறுமனே அளந்து பேரிங் நலமாக இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுவது, சும்மா எழுதுவதுதான்.

மேலே பளபள அலுமினியத் தகடு சுற்றிய நீராவிக் குழாய் என்றால் அங்கே இரண்டு ஏமாற்று. தகடு கண்ணாடி மாதிரி, அது ஒன்று. அப்படியே சரியாக அளந்தாலும் அது தகட்டின் சூடு, உள்ளே இன்சுலேஷனுக்கு அப்பால் இருக்கும் குழாயின் சூடு அல்ல, அது இன்னொன்று. கருவிக்கு மேல்தோல் மட்டும்தான் தெரியும். உறை இல்லாத, துருவேறிய ஃபிளாஞ்சை (குழாய்களைச் சேர்த்து முடுக்கும் விளிம்பு) தேடி அளந்தால் ஓரளவு நியாயமான எண் வரும். 7 பார் கேஜ் அழுத்தத்தில் நீராவி சுமார் 170 டிகிரி என்பது தெரிந்ததுதானே, அதை வைத்து ஒத்துப்பார்க்கலாம்.

அப்புறம் தூரம். கருவியின் பக்கத்தில் 12:1 என்றோ 8:1 என்றோ ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. 12:1 என்றால் 12 செ.மீ. தள்ளி நின்றால் 1 செ.மீ. வட்டத்தைப் பார்க்கிறது, 120 செ.மீ. தள்ளி நின்றால் 10 செ.மீ. வட்டம். சிவப்புப் புள்ளியாகத் தெரியும் லேசர் எதையும் அளப்பதில்லை, வட்டம் சுமாராக எங்கே இருக்கிறது என்று கை காட்டுகிறது, அவ்வளவுதான். பல கருவிகளில் லேசர், வில்லைக்கு மேலே ஒன்றிரண்டு செ.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால் கிட்டத்தில் அந்தக் கைகாட்டலும் பிசகும். ஸ்டிக்கரில் உள்ள வட்டத்துக்கு வெளியிலிருந்தும் கொஞ்சம் கதிர் உள்ளே கசியும், அதனால் அளக்கும் பொருள் அந்த வட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. திருஷ்டிப் பொட்டும் அப்படித்தான், நாணயம் அளவு வைத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் பொட்டைச் சுற்றி இருக்கும் பளபளப்பும் சேர்ந்துதான் உள்ளே வரும்.

இதில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம் மின்சார வேலை செய்பவர்கள். பேனலைத் திறந்து வைத்து, பாதுகாப்புக்காக 60 செ.மீ. தள்ளி நின்று, பஸ்பார் (மின்சாரம் பாயும் உலோகப் பட்டை) இணைப்பில் உள்ள போல்ட்டை அளக்கிறீர்கள். கருவி 12:1, ஆகவே வட்டம் 5 செ.மீ. போல்ட் தலை ஒன்றரை செ.மீ., வட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. சரி, பத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். போல்ட் லூசாகி 120 டிகிரிக்குப் போய்விட்டது, சுற்றிலும் 40 டிகிரி. கருவி என்ன காட்டும் தெரியுமா? 51. அதுவும் எல்லாப் பரப்பும் உமிழ்திறன் கூடியதாக இருந்தால். செம்பு பளபளவென்று இருந்தால் அந்த 51கூட வராது. பார்த்தவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கதவைச் சாத்திவிட்டுப் போவார், மறுவாரம் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) கருகி நிற்கும். நான் பார்த்த ஒரு பேனலில் இதுதான் நடந்தது, பதிவேட்டில் ஆறு மாதமாக 45, 48, 46 என்று அழகாக எழுதியிருந்தார்கள். சப்ளையை நிறுத்திப் பூட்டிய நேரத்தில் இணைப்புகளுக்குப் பக்கத்தில் கருப்பு டேப்போ, மின்பொருட்களுக்கு ஏற்ற பெயிண்டோ வைத்துக்கொள்வதும், 30:1, 50:1 விகிதமுள்ள கருவி வாங்குவதும், முடிந்தால் தெர்மல் கேமராவில் பார்ப்பதும்தான் வழி. கேமராவும் இதே இயற்பியல்தான், பளபளப்பு அதையும் ஏமாற்றும், ஆனால் படமாகத் தெரிவதால் எங்கே எதிரொளிப்பு இருக்கிறது என்று கண்ணால் பிடித்துவிடலாம். மெருகேறிய உலோகத்தில் லேசர் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சில்லறைத் தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கண்ணாடி வழியாக அளக்க முடியாது, 8-14 மைக்ரான் கதிருக்குக் கண்ணாடி ஒரு சுவர், கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். ஆவி, புகை, தூசி குறுக்கே வந்தால் எண் கெடும். வில்லையில் எண்ணெய் விரல் பட்டால் எண் இறங்கும். நேராக நின்று அளங்கள், 45 டிகிரிக்கு மேல் சாய வேண்டாம். ஏசி அறையிலிருந்து பாய்லர் ஹவுஸுக்குக் கொண்டுபோனவுடன் அளக்காதீர்கள். உணரி தன் சூட்டோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது, அது சுற்றுச் சூட்டுக்குப் பழக 20 நிமிடம், அரை மணி நேரம் ஆகும்.

இதுவரை சொன்னது எல்லாம் சில நூறு டிகிரிக்குள். பழுக்கக் காய்ந்த இரும்பு, உருகிய இரும்பு என்று வந்தால் ஆட்டமே வேறு, கருவியும் வேறு. பொருள் சூடாகச் சூடாக அது அதிகம் விடும் கதிரின் அலைநீளம் குறைந்துகொண்டே வரும். 27 டிகிரியில் உச்சம் 10 மைக்ரானை ஒட்டி இருக்கும், 1,200 டிகிரியில் 2 மைக்ரானுக்கு வந்துவிடும். கொல்லுப்பட்டறையில் இரும்பு சுமார் 525 டிகிரியில் மங்கிய சிவப்பாகத் தெரிய ஆரம்பிப்பது இந்தக் கதிரின் வால் நம் கண்ணுக்கு எட்டுவதால்தான். கொல்லர்கள் பட்டறையை நிழலாக, இருட்டாக வைத்திருப்பதில் காரணம் இருக்கிறது, வெயிலில் அந்த நிறத்தைப் பிரித்தறிய முடியாது. அவர்கள் கண்தான் முதல் பைரோமீட்டர், அதாவது கடும் சூட்டைத் தொடாமல் கதிரை வைத்தே அளக்கும் கருவி.

தொழிற்சாலைகளில் சூடான உலோகத்துக்கு வாங்கும் பைரோமீட்டர்கள் 1 மைக்ரான், 1.6 மைக்ரான் என்று குட்டை அலைநீளத்தில் பார்ப்பவை. இதற்கு இரண்டு காரணம். ஒன்று, குட்டை அலைநீளத்தில் உலோகங்களின் உமிழ்திறன் கொஞ்சம் கூடுதல். இரண்டாவதுதான் அழகானது. 1,100 கெல்வினில், அதாவது 830 டிகிரி வாக்கில் இருக்கும் எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெப்பநிலை 1 சதவீதம் கூடினால் அது விடும் 1 மைக்ரான் கதிர் 13 சதவீதம் எகிறும், 10 மைக்ரான் கதிர் 2 சதவீதம்கூடக் கூடாது. இப்போது அதையே திருப்பிப் பாருங்கள். எமிசிவிட்டியில் 10 சதவீதம் தவறிவிட்டீர்கள் என்றால், 10 மைக்ரான் கருவி அந்த 10 சதவீதக் கதிர் வித்தியாசத்தை விளக்க 60 டிகிரி தள்ளிப் போக வேண்டியிருக்கும், 1 மைக்ரான் கருவிக்கு 8 டிகிரி நகர்ந்தாலே போதும். ஒரே தவறு, ஒன்றில் 60 டிகிரி, இன்னொன்றில் 8. சூடான உலோகத்துக்கு முடிந்தவரை குட்டை அலைநீளம் என்று அனுபவஸ்தர்கள் சொல்வதன் முழுக் கணக்கும் இதுதான். சும்மா கிடைக்கிறதா என்றால் இல்லை. 1 மைக்ரான் கருவிகள் பெரும்பாலும் 550, 600 டிகிரிக்குக் கீழே குருடு, வெயிலும் விளக்கும் உள்ளே புகுந்து கெடுக்கும், விலையும் கூடுதல். ஒரு வசதி, கண்ணாடி ஜன்னல் வழியாகவே பார்க்கும்.

கோயம்புத்தூர் பக்கம் பம்பு, மோட்டார் உறைகள் வார்க்கும் ஃபவுண்டரிகளில் சாம்பல் வார்ப்பிரும்பை 1,350, 1,400 டிகிரி வாக்கில் ஊற்றுவார்கள். உருகிய இரும்பின் மேல் கசடு மிதக்கும். 1 மைக்ரானில் சுத்தமான உருகிய இரும்புக்கு உமிழ்திறன் 0.4ஐ ஒட்டி, கசடுக்கு அதைப் போல இரண்டு மடங்கு, ஆகவே வட்டம் கசடின் மேல் விழுகிறதா இரும்பின் மேல் விழுகிறதா என்பதைப் பொறுத்து எண் தாவும். உலை வாயைப் பார்த்து அளப்பதைவிட, கரண்டியிலிருந்து ஊற்றும்போது விழும் தாரையைப் பார்ப்பது மேல், அங்கே சுத்தமான உலோகம் தெரியும். அதிலும் சந்தேகம் என்றால் காகிதக் குழாய் முனை மாட்டிய தெர்மோகப்பிளை (தொட்டு அளக்கும் உலோகக் கம்பி உணரி) முக்கி எடுப்பதுதான் கடைசித் தீர்ப்பு, ஒரு முக்கலோடு முனை போய்விடும், ஆனால் பொய் சொல்லாது. ரோலிங் மில்லில் பழுத்த பில்லட்டின் (நீண்ட எஃகுக் கட்டை) மேல் உரிந்து நிற்கும் ஆக்சைடுச் செதிலும் இதே வகைத் தொல்லை. செதில் தானே ஆறிக் கிடக்கும், கருவி அதன் சூட்டைக் காட்டும், உள்ளே இரும்பு இன்னும் சூடாக இருக்கும். இங்கே உச்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதி உதவும், பில்லட் ஓடும்போது செதில் இல்லாத இடங்கள் வந்து போகுமே, அந்த உச்சத்தைக் கருவி பிடித்துக்கொள்ளும்.

இரண்டு அலைநீளத்தில் ஒரே நேரத்தில் அளந்து அவற்றின் விகிதத்தைப் பார்க்கும் பைரோமீட்டர்களும் உண்டு. தூசியோ புகையோ இரண்டையும் ஒரே மாதிரி குறைத்தால் விகிதம் மாறாது, எமிசிவிட்டி இரண்டிலும் ஒரே அளவு மாறினாலும் விகிதம் மாறாது, வட்டம் பாதிதான் நிரம்பியது என்றாலும் பெரிய பாதகமில்லை. கம்பி, தாரை போன்ற மெல்லிய பொருட்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் இரண்டு அலைநீளத்திலும் உமிழ்திறன் வேறுவேறாக மாறும் உலோகத்தில் இதுவும் தடுமாறும், அலுமினியம் அதில் முதல் ஆள். அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் (அச்சின் வழியே அழுத்தித் தள்ளி வடிவம் எடுப்பது) செய்பவர்களுக்கென்றே தனிப் பைரோமீட்டர்கள் விற்பது வியாபாரத் தந்திரம் இல்லை, நிஜமாகவே அந்த உலோகம் அப்படி.

2020இல் கடை வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டாம். அது 32லிருந்து 43 டிகிரி வரை மட்டும் காட்டும், நெற்றித் தோலின் சூட்டை அளந்து அதை உடம்பின் உள்சூடாக மாற்றிச் சொல்லும்படி அமைத்தது. பட்டறைக் கருவியை நெற்றியில் வைத்தாலும் 33, 34 என்று வரும், அது தோலின் உண்மையான சூடுதான், காய்ச்சல் கணக்கு அல்ல.

வாங்கப் போகிறவர்கள் எமிசிவிட்டி மாற்ற முடியுமா, தூர விகிதம் எவ்வளவு, எந்த அலைநீளம் என்ற மூன்றைக் கேட்டால் போதும். 1,500 டிகிரி வரை அளக்கும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், 8-14 மைக்ரான் கருவி அவ்வளவு சூட்டை எண்ணாகக் காட்டும் என்பது உண்மை, உலோகத்தில் அது சரியான எண்ணா என்பதுதான் மேலே பார்த்த கதை. வாங்கிய கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஐஸைப் பொடியாக உடைத்து ஒரு வாய் அகன்ற டப்பா நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, நன்றாகக் கலக்கி, சில நிமிடம் கழித்து மறுபடி கலக்கி, நேர் மேலே கிட்டத்தில் பிடித்து அளந்தால் 0 வர வேண்டும், ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை. அட்டைப்பெட்டியைத் தேடிய அன்று சாயங்காலம் நான் இதைச் செய்து பார்த்தேன், 0.6 என்றது.